பாலிஷுக்குப் பின் படரும் மங்கல்

என் மைத்துனரின் கறுப்பு செடானுக்கு ஒருமுறை மெஷின் பாலிஷ் போட்டு வாங்கினோம். மாலையில் கடைக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தபோது, பானட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போல இருந்தது. மறுநாள் காலை எட்டு மணி வெயிலில் அதே பானட்டில் சாம்பல் பூத்தாற்போல ஒரு மங்கல். சூரியன் எதிரொளிக்கும் புள்ளியைச் சுற்றி, மெஷின் போன தடமெல்லாம் வளைவளைவாகக் கோடு. கொடுத்த காசு போனதைவிட, பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டி இப்படி ஆகிவிட்டதே என்பதுதான் அவருக்கு வருத்தம். அந்த மங்கலை எடுக்க நாங்கள் இருவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவழித்தோம். அதன் பிறகு எங்கள் குடியிருப்பில் வேறு சில வண்டிகளிலும் கைவைத்துப் பழகினேன்.

மங்கலைப் பார்த்ததும் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள். இல்லாவிட்டால் மேலே வேக்ஸ் பூசி மூடிவிடுகிறார்கள். இரண்டுமே வண்டிக்குக் கேடு. மங்கல் தெரிகிறது என்றால் பாலிஷ் வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள். மீதிப் பாதியை எவ்வளவு மென்மையாக முடிக்க முடியுமோ அவ்வளவு மென்மையாக முடிக்க வேண்டும். அதற்கான குறிப்புகள் இவை.

1. எதன் மேல் கைவைக்கிறோம் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கண்ணாடி போன்ற ஒரு பூச்சு உண்டு. கிளியர் கோட் என்றும், பட்டறையில் லேக்கர் என்றும் சொல்வார்கள். கம்பெனி பெயிண்டில் அதன் கனம் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். ஒரு ஏ4 தாளின் கனம் ஏறக்குறைய 100 மைக்ரான். அதில் பாதிதான் இந்தப் பூச்சு. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் இதுதான். காம்பவுண்ட் எனப்படும் முரட்டு பாலிஷைப் போடும் ஒவ்வொரு தடவையும் இதில் சில மைக்ரான் தேய்ந்து போகிறது, போனது திரும்ப வராது. ஆகவே மங்கலை எடுக்கும்போது, குறைவாகத் தேய்க்கும் வழியைத்தான் முதலில் முயல வேண்டும்.

2. மங்கல் ஏன் வருகிறது? காம்பவுண்டில் இருக்கும் பொடி பெரிய கீறலைத் தேய்த்துச் சமமாக்குகிறது. ஆனால் தன் பங்குக்கு லட்சக்கணக்கில் நுண்ணிய கீறல்களை விட்டுவிட்டுப் போகிறது. தனித்தனியாக அவை கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் சேர்ந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெண்புகை படிந்ததுபோலத் தெரிகிறது. அடுத்து மெஷினில் மாட்டும் பேடையும் பாலிஷையும் இன்னும் மிருதுவானதாகப் போட்டால், அந்தக் கீறல்கள் வெளிச்சத்தைச் சிதறடிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துப்போகும். கம்பளி பேடோ மைக்ரோஃபைபர் பேடோ போட்டுக் காம்பவுண்ட் அடித்தால் ஓரளவு மங்கல் வருவது இயல்பு. அதோடு நிறுத்திவிட்டு வண்டியைக் கொடுத்துவிடுவதுதான் தவறு.

3. மெஷினைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 70 சதவீதக் கரைசல் மருந்துக்கடையில் கிடைக்கும். அதில் ஒரு பங்குக்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நான்கு பங்கு சேர்த்து ஸ்பிரே பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். மங்கல் இருக்கும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் உடனே துடையுங்கள். மங்கல் காணாமல் போனால் அது பாலிஷ் விட்டுப்போன எண்ணெய்ப் பசை. வண்டி முழுவதையும் இதே கரைசலால் துடைத்தால் வேலை முடிந்தது. மங்கல் அப்படியே நின்றால், அல்லது துடைத்தபின் முன்பைவிட அதிகமாகத் தெரிந்தால், அது கீறல், பாலிஷ்தான் வழி. ஹேண்ட் சானிட்டைசரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அதில் இருக்கும் கிளிசரினும் பசையும் புதிதாக ஒரு படலம் போடும். புதிதாகப் பெயிண்ட் அடித்த பாகத்திலும் இந்தச் சோதனை வேண்டாம்.

4. ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும். சமையலறை ஜன்னலுக்கு அருகிலோ, யாராவது பீடி சிகரெட் பிடிக்கும் இடத்திலோ தெளிக்க வேண்டாம்.

5. ட்யூப்லைட்டை நம்பாதீர்கள். அது நீளமாகப் பரவிய வெளிச்சம், கீறலை மறைத்துவிடும். ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம்தான் உண்மையைக் காட்டும். அதற்குச் சூரியன் இருக்கிறது, இல்லாவிட்டால் நல்ல எல்.இ.டி. டார்ச். டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்துப் பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பாருங்கள். செல்போன் வெளிச்சம்கூட ஓரளவுக்கு உதவும்.

6. அந்த வெளிச்சத்திலேயே மங்கலின் ஜாதகம் தெரிந்துவிடும். நீங்கள் நகர நகரக் கூடவே நகரும் நீள நீளமான நிழல்கோடுகள் என்றால், அது ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷின் விட்ட தடம். கோடே இல்லாமல் ஒரே சீராகச் சாம்பல் பூத்திருந்து, கூர்ந்து பார்த்தால் குட்டிக் காற்புள்ளிகள் போலக் கீறல் தெரிந்தால், அது சுற்றிக்கொண்டே அதிரும் டி.ஏ. மெஷினின் வேலை. வட்ட வட்டமாக, சிலந்திவலை போல இருந்தால் மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். அழுக்குத் துணியால் துடைத்துத் துடைத்து வந்த பழைய கீறல் அது.

7. வெள்ளை, வெள்ளி நிற வண்டிகளில் மங்கல் எளிதில் பிடிபடாது. ட்யூப்லைட்டின் பிம்பம் வண்டிமேல் விழும்படி நின்றுகொண்டு, பிம்பத்தின் விளிம்பை மட்டும் கவனியுங்கள். கத்தியால் வெட்டியதுபோல விளிம்பு இருந்தால் நல்லது. பஞ்சு பிரிந்ததுபோல இருந்தால் மங்கல் இருக்கிறது. ட்யூப்லைட் பயன்படும் ஒரே இடம் இதுதான். கறுப்பு, அடர்நீலம், அடர்சிவப்பு வண்டிகளுக்கு இந்தச் சிரமமே இல்லை, தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும்.

8. வண்டியைக் கழுவாமல் ஆரம்பிக்கக் கூடாது. முந்தைய பாலிஷின் வெள்ளைப்பொடி கதவு இடுக்கு, பானட் ஓரம், லோகோ எழுத்துகளின் சந்து எல்லாவற்றிலும் காய்ந்து கிடக்கும். மெஷின் அதிரும்போது அந்தப் பொடி வெளியே வந்து பேடில் ஒட்டிக்கொள்ளும். மிருதுவான பேடால் எடுக்கவேண்டிய மங்கலை இந்தப் பொடியே மறுபடி போட்டுவிடும். பழைய பெயிண்ட் பிரஷ் ஒன்றைச் சோப்பு நீரில் நனைத்து இடுக்குகளைத் தேய்த்துவிட்டுக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில், தண்ணீர் காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். உப்புப்புள்ளி படிந்தால் அது தனி வேலை.

9. நிழலும் சூடு ஆறிய தகடும் இல்லாமல் பாலிஷ் போடவே கூடாது. புறங்கையை பானட்டில் வைத்து, ஐந்து விநாடி சிரமமில்லாமல் வைத்திருக்க முடிந்தால் ஆரம்பிக்கலாம். ஓட்டி வந்த வண்டி என்றால் எஞ்சின் ஆறும்வரை பானட்டை விட்டுவிட்டுப் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சென்னை, மதுரை, வேலூர் வெயிலில் காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரைதான் நல்ல நேரம். சூட்டில் பாலிஷ் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த பாலிஷைத் தேய்த்தால் புது மங்கல் வரும். மின்விசிறியை நேராக வண்டிமேல் திருப்பி வைத்தாலும் இதே கதைதான்.

10. ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக், லோகோ, தகட்டின் கூர்மையான மடிப்பு ஆகிய இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மடிப்புகளிலும் ஓரங்களிலும் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும், மெஷினின் அழுத்தம் முழுவதும் அந்த மெல்லிய கோட்டில்தான் விழும். நிறம் வரை தேய்ந்து போவது பெரும்பாலும் அங்கேதான். ஓரத்தில் பேடை எப்போதும் உள்ளிருந்து வெளியே போகும் திசையில் நகர்த்துங்கள்.

11. முழு வண்டியிலும் இறங்குவதற்கு முன், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து டேப் ஒட்டிக் கட்டம் கட்டுங்கள். முதலில் அங்கே மட்டும் செய்து, ஆல்கஹால் கரைசலால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு வண்டிக்குச் சரியாக வந்த பேடும் பாலிஷும் இன்னொன்றுக்கு வராது. சில வண்டிகளின் கிளியர் கோட் கல் போல இருக்கும். சிலவற்றில், குறிப்பாகச் சில ஜப்பானியக் கார்களின் கறுப்பில், துணி பட்டாலே கோடு விழும். எங்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை வீணானது இந்தக் கட்டத்தைக் கட்டாததால்தான். பானட், இரண்டு கதவு எல்லாம் முடித்துவிட்டுத்தான் வெயிலில் பார்த்தோம். மங்கல் பாதிகூடக் குறையவில்லை.

12. கட்டத்தில் சரியாக வரவில்லை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் பேடை மிருதுவாக்குங்கள். அதிலும் போகாவிட்டால் பாலிஷை இன்னும் நைஸானதாக மாற்றுங்கள். அப்புறம் மெஷின் வேகத்தைக் குறையுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். என் அனுபவத்தில் பத்துக்கு ஏழு தடவை பேடை மாற்றியதுமே மங்கல் விட்டுப்போயிருக்கிறது.

13. பேடின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கம்பெனியில் மஞ்சள் பேட் முரட்டு வகை, இன்னொன்றில் அதே மஞ்சள் மிருதுவானது. நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. கடையில் "ஃபினிஷிங் பேட்" என்று கேட்டு வாங்கி, விரலால் அழுத்திப் பாருங்கள். மிக லேசாக அழுத்தியதுமே அமுங்கி, விட்டதும் எழும் ஸ்பாஞ்ச்தான் நமக்கு வேண்டியது. ஒரு செடானுக்குக் குறைந்தது நான்கு பேட் வேண்டும். ஒரே பேடை வைத்துக்கொண்டு முழு வண்டியையும் முடிக்கப் பார்த்தால் பாதியிலேயே அது சூடேறி, பாலிஷ் ஊறி, தன் வேலையை மறந்துவிடும்.

14. காம்பவுண்ட் அடித்த பேடிலேயே நைஸ் பாலிஷைப் போடாதீர்கள். எவ்வளவு கழுவினாலும் பெரிய பொடி உள்ளே இருக்கும். காம்பவுண்டுக்கு ஒரு டப்பா, ஃபினிஷிங்குக்கு ஒரு டப்பா என்று பேடுகளைப் பிரித்து வைத்துவிடுவது நல்லது.

15. பாலிஷின் அளவு: புது பேட் என்றால் முதலில் முகம் முழுவதும் மெல்லியதாகத் தடவிக்கொள்ளுங்கள். அதன்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பட்டாணி அளவில் மூன்று சொட்டு போதும். நிறைய ஊற்றினால் நிறையப் பளபளக்கும் என்பது நினைப்பு மட்டும்தான். ஊறிப்போன பேட் வழுக்கிக்கொண்டு ஓடும், பாலிஷ் பிசுபிசுவென்று பரவும், துடைக்கும்போது அழுத்தித் துடைக்க வேண்டி வரும். அந்த அழுத்தமே புதுக் கீறல் போடும்.

16. இனி மெஷின் ஓட்டும் முறை. மங்கல் போவதும் போகாததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

டி.ஏ. மெஷின் என்றால், அதன் ஆறு வேகங்களில் முதல் வேகத்தில் வைத்து பாலிஷைக் கட்டம் முழுக்கப் பரப்பிவிட்டு, மூன்றிலோ நான்கிலோ வைத்து ஆரம்பியுங்கள். ஒரு கட்டம் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். ஒரு விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் கை நகர வேண்டும். அதாவது கட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகப் பதினைந்து இருபது விநாடி ஆகும். முதல்முறை செய்கிறவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும் வேகம். கோலத்துக்கு இழை இழுப்பதுபோல ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூடிக்கொண்டு போக வேண்டும். இடமிருந்து வலமாக ஒரு நடை, மேலிருந்து கீழாக ஒரு நடை. இப்படி நான்கு முதல் ஆறு நடை. முதல் நடைகளில் கையின் எடையும் மெஷினின் எடையும் போதும். கடைசி இரண்டு நடைகளில் கையின் எடையையும் எடுத்துவிட்டு, மெஷின் தன் எடையில் மட்டும் மிதக்க விடுங்கள். மங்கலை முழுவதும் எடுப்பது அந்தக் கடைசி நடைகள்தான். அவசரத்தில் பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அவற்றைத்தான்.

பேட் தகட்டில் முழுமுகமாகப் படிந்திருக்க வேண்டும். சாய்ந்தால் ஒரு விளிம்பு மட்டும் கடிக்கும். பேடின் பின்புறத் தட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது அந்தக் கோடு மெதுவாகச் சுற்றுவது தெரிய வேண்டும். சுற்றாமல் அதிர மட்டும் செய்தால் அழுத்தம் அதிகம், அல்லது மெஷின் சாய்ந்திருக்கிறது.

எப்போது நிறுத்துவது என்பதை பாலிஷ் பாட்டிலில் படித்துக்கொள்ளுங்கள். சில பாலிஷ்களில் பொடி தேயத் தேயச் சிறுத்துக்கொண்டே போகும். அவற்றைப் பாதியில் நிறுத்தினால் பெரிய பொடியின் கீறல் அப்படியே நின்றுவிடும். சிலவற்றில் பொடி கடைசிவரை ஒரே அளவு. அவற்றைக் காய்ந்த பிறகும் ஓட்டிக்கொண்டிருந்தால் மங்கல் கூடும். எதுவானாலும், பாலிஷ் ஒரு மெல்லிய எண்ணெய்ப்படலம் போலக் கண்ணாடித் தன்மைக்கு வந்திருக்கும்போதே நிறுத்திவிடுவது பாதுகாப்பு.

17. ரோட்டரி மெஷின் மட்டும்தான் இருக்கிறது என்றால் வேகத்தை நிமிடத்துக்கு 800 முதல் 1,000 சுற்றுக்குள் வைத்து, மிக மிருதுவான ஸ்பாஞ்ச் பேடில் செய்யலாம். ஒரே இடத்தில் நிற்கவே கூடாது. ஆனால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: ரோட்டரியால் வந்த கோட்டை ரோட்டரியாலேயே முழுவதும் எடுக்க நல்ல கைப்பழக்கம் வேண்டும். தொழிலில் ஊறியவர்கள்கூடக் கடைசிச் சுற்றை டி.ஏ. மெஷினில் முடிப்பதையே விரும்புகிறார்கள். வீட்டில் செய்பவர்கள் ஒரு டி.ஏ. மெஷினை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள்.

18. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும், ஓடும் பேடில் நைலான் பிரஷை லேசாகப் பிடித்து, ஏறியிருக்கும் பொடியை உதறிவிடுங்கள். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் பேடை மாற்றுங்கள். கழற்றிய பேடைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சூடு தெரியும். வெதுவெதுப்புக்கு மேல் இருந்தால் வேகமோ அழுத்தமோ அதிகம்.

19. பாலிஷ் நன்றாக வந்தும் துடைக்கும் துணியால் கெட்டுப்போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பழைய பனியன், வேட்டித் துண்டு, சிக்னலில் விற்கும் மஞ்சள் துணி எதுவும் இந்த இடத்துக்கு ஆகாது. நீளமான, மெத்தென்ற இழை உள்ள மைக்ரோஃபைபர் துணி வேண்டும். ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை வெட்டிவிடுங்கள். துணியை இரண்டாக, பிறகு நான்காக மடித்தால், முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி எட்டு முகம் கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முகம். தரையில் விழுந்த துணியை அன்று மறுபடி எடுக்காதீர்கள். துவைக்கும்போது பருத்தித் துணிகளோடு சேர்க்காமல், துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றாமல் துவைத்து நிழலில் காயவையுங்கள்.

20. பம்பர் பிளாஸ்டிக். தகடு சூட்டைப் பரப்பிவிடும். பிளாஸ்டிக் பரப்பாது, சூடு அங்கேயே தங்கிவிடும். கதவில் ஆறு நடை போனால் பம்பரில் மூன்று நடை, இடையில் ஆறவிட்டு மறுபடி. பெயிண்ட் கனத்தை அளக்கும் சாதாரணக் கருவிகளும் உலோகத்தில்தான் வேலை செய்யும், பம்பரில் எவ்வளவு மிச்சம் என்று காட்டாது. அந்தக் கருவி உலோகத்தில் காட்டுவதும் மொத்தக் கனத்தைத்தான். கிளியர் கோட்டை மட்டும் தனியாகச் சொல்லாது.

21. கதவுகளுக்கு நடுவில் ஜன்னலோரம் இருக்கும் பளபளப்பான கறுப்புத் தூண்கள் மிகவும் மென்மையானவை. மெஷினை அங்கே கொண்டுபோகாமல், ஸ்பாஞ்ச் துண்டில் நைஸ் பாலிஷை எடுத்துக் கையாலேயே தேய்த்துவிடலாம். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் தேய்க்க வேண்டும். கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழிக்கும் இதே முறைதான்.

22. விபத்துக்குப் பின் புதிதாகப் பெயிண்ட் அடித்த பாகத்தில் மட்டும், பாலிஷ் போட்டு இரண்டு வாரம் கழித்து மங்கல் திரும்பி வந்தால் மெஷின்மேல் பழி போட வேண்டாம். பெயிண்டுக்குள் இருந்த தின்னர் மெதுவாக வெளியேறும்போது பூச்சு சுருங்கிப் பளபளப்பு குறைவதுண்டு. அது முழுக்கக் காயும்வரை காத்திருந்து, ஒரே ஒரு தடவை நைஸ் பாலிஷ் போடுங்கள். அதுவரை வேக்ஸும் வேண்டாம், செராமிக் கோட்டிங்கும் வேண்டாம். குறைந்தது 30 நாள் என்பது பட்டறைகளில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பெயிண்ட் அடித்தவரிடம் கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

23. அம்பாசடர், பத்மினி போன்ற பழைய வண்டிகளில் கிளியர் கோட் இல்லாத பெயிண்ட் இருக்கலாம். வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் எடுத்து ஓரிடத்தில் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறம் ஏறும். பயப்பட வேண்டாம், அந்த வகைப் பெயிண்டில் அது இயல்பு. ஆனால் பேட் சீக்கிரம் நிறம் ஏறி அடைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு மடங்கு பேட் தேவைப்படும். கிளியர் கோட் உள்ள வண்டி என்று தெரிந்தும் துணியில் நிறம் வந்தால், அந்த நொடியே நிறுத்துங்கள். மேல்பூச்சு அங்கே தீர்ந்துவிட்டது.

24. மேட் ஃபினிஷ் வண்டிக்குப் பாலிஷே கிடையாது. அதன் அழகே மங்கல்தான். தேய்த்த இடம் மட்டும் திட்டுத்திட்டாகப் பளபளத்து, மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டிவரும்.

25. பற்பசை, சமையல் சோடா, மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். முதல் இரண்டிலும் இருப்பது பொடி; அளவு தெரியாத பொடியால் தேய்த்தால் கீறல்தான் கூடும். பின்னிரண்டும் கீறலுக்குள் எண்ணெயை நிரப்பி ஒருநாள் பளபளக்க வைக்கும், தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தின்னரும் வேண்டாம், அது பெயிண்டையே கெடுத்துவிடும்.

26. மங்கலை மறைத்துக் கொடுப்பது பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கீறலை நிரப்பும் பிசினும் எண்ணெயும் கலந்த கிளேஸ், பாலிஷ் வகைகள் உண்டு. பூசியதும் மங்கல் மாயமாகும். நான்கைந்து முறை கழுவியதும் திரும்பிவரும். வேக்ஸும் இப்படித்தான். செராமிக் கோட்டிங் என்றால் நிலைமை இன்னும் மோசம். மங்கலுக்கு மேலே கோட்டிங் போட்டால் அது கண்ணாடிக்குள் வைத்த படம் போலப் பத்திரமாக உள்ளேயே இருக்கும். எடுக்க வேண்டுமானால் காசு கொடுத்துப் போட்ட கோட்டிங்கை முதலில் தேய்த்து எடுக்க வேண்டும். அதனால் கடையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, காம்பவுண்டுக்கு அப்புறம் நைஸ் பாலிஷ் தனியாப் போடணும். கோட்டிங் போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஃபோன் பண்ணுங்க, வெயில்ல ஒரு தடவை பார்த்துடுறேன்." பார்க்கும்போது உங்கள் எதிரில் ஒரு பாகத்தை ஆல்கஹால் கரைசலால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

27. வேக்ஸ் போட்டதால் வரும் மங்கல் வேறு. தடிமனாகப் பூசினாலோ காற்றில் ஈரம் அதிகமிருந்தாலோ வேக்ஸ் காயாமல் திட்டுத்திட்டாக நிற்கும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம், இழுவிக்கொண்டு போனால் இன்னும் பொறுங்கள். மழைக்காலத்தில் கடலோர ஊர்களில் இந்தக் காத்திருப்பு நீளும்.

28. மெஷினில் எர்த் உள்ள மூன்று பின் பிளக் இருக்கட்டும். கழுவிய ஈரத்தரையில் நின்று ஓட்டாதீர்கள். ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டால் வண்டிமேல் உரசாது, பேடிலும் சிக்காது. மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் பக்கிள், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வாருங்கள். கதவில் சாய்ந்து வேலை செய்யும்போது அவை போடும் கோடு எந்தப் பாலிஷுக்கும் போகாது. துப்பட்டாவையும் துண்டையும் உள்ளேயே வைத்துவிடுங்கள். பொடி பறக்கும் என்பதால் மாஸ்க்கும் கண்ணாடியும் வேண்டும்.

29. எல்லா மங்கலும் போன பிறகும் சில தனிக் கீறல்கள் தெரியும். நகத்தை அதன் குறுக்கே இழுங்கள். நகம் தடுக்கினால் அந்தக் கீறலை விட்டுவிடுங்கள். அதை முழுக்க எடுக்கும் ஆசையில் சுற்றியிருக்கும் நல்ல பூச்சையெல்லாம் தேய்க்க வேண்டியிருக்கும். மைத்துனரின் வண்டியில் இடதுபக்கக் கதவில் அப்படி ஒன்று இன்னும் இருக்கிறது.

30. இவ்வளவு செய்தபின் மங்கல் மறுபடி வருவது பெரும்பாலும் தினசரித் துடைப்பால்தான். அடுக்குமாடிகளில் காலையில் வண்டி துடைப்பவர் ஒரே வாளி, ஒரே துணியில் பத்து வண்டி துடைக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு இருக்கும் நேரம் அவ்வளவுதான். அவரிடம் நீங்களே இரண்டு மைக்ரோஃபைபர் துணியைக் கொடுத்து, "நம்ம வண்டிக்கு இது மட்டும் போடுங்கண்ணா. தினம் வேண்டாம், வாரத்துக்கு ரெண்டு நாள் தண்ணி ஊத்திக் கழுவினாப் போதும், பணத்தைக் குறைக்க மாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். நான் சொன்னபோது அவருக்குச் சந்தோஷம்தான்.

31. வேலை முடிந்த அன்றே பேடுகளை மிதமான சோப்பு நீரில் பிசைந்து கழுவுங்கள். காய்ந்துபோன பாலிஷ் அடுத்த தடவை கீறல் போடும். முறுக்கிப் பிழியாமல், உள்ளங்கையில் வைத்து அழுத்தி நீரை எடுத்துவிட்டு, ஸ்பாஞ்ச் பக்கம் கீழே இருக்கும்படி நிழலில் கம்பிவலை மேல் வையுங்கள். கடும் வெயிலில் போட்டால் பின்புற வெல்க்ரோவின் பசை விட்டுப்போகும். நன்றாகக் காய்ந்ததும், தூசி படாமல் ஜிப் பையில் போட்டு, எந்தப் பாலிஷுக்கு எந்தப் பேட் என்று மேலே எழுதி வைத்துவிடுங்கள்.